பார்வையில்லாத பிள்ளையும் பள்ளி மைதானமும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாதாரணப் பள்ளியில், பார்வையுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் வளரிளம் வயது மாணவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பார்வையற்றோருக்கான சிறப்புப் பள்ளிகளில் கிரிக்கெட்டும் சதுரங்கமும் வெகுகாலமாக நடக்கின்றன; அங்கே அணிக்கு ஆள் சேர்ப்பது ஒரு பிரச்சினையே இல்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்கு மட்டும் பார்வை இல்லை என்னும்போதுதான் இந்தக் கேள்விகள் வருகின்றன.

படிப்பே பெரும்பாடாக இருக்கிறது. இதில் விளையாட்டு வேறு எதற்கு?

பி.இ.டி. பீரியடில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். வகுப்பு முழுக்க மைதானத்துக்கு ஓடும். உங்கள் பிள்ளையை ஒருவன் கைபிடித்துக் கூட்டிவந்து வேப்ப மரத்தடியில் உட்கார வைப்பான். "டேய், இதெல்லாம் பார்த்துக்கடா" என்று பை, வாட்ச், தண்ணீர் பாட்டில் எல்லாம் பக்கத்தில் வந்து விழும். யாரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம் என்பதுகூட அவர்களுக்கு உறைக்காது. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. முக்கால் மணி நேரம் கழித்து வந்து பத்திரமாக அழைத்துப் போவார்கள்.

மறுநாள் வகுப்பில் பேச்சு முழுக்க அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான். யார் கேட்சை விட்டான், யார் அவுட் ஆகியும் பேட்டைக் கொடுக்காமல் சண்டை போட்டான் என்று ஓடும். அதில் உங்கள் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பு வரை டீச்சர் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். எட்டு, ஒன்பதுக்கு மேல் யார் சொல்லியும் நடக்காது. கூட்டாளி யார் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், அது பெரும்பாலும் மைதானத்தில்தான் முடிவாகிறது. மதிப்பெண் இதை ஈடுகட்டாது. முதல் ரேங்க் வாங்கும் பையனைப் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் தேடி வருவார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதைதானே.

உடம்புக்கான காரணமும் உண்டு. ஓடி, விழுந்து, எழுந்து பழகாத பிள்ளை எங்கே போனாலும் தயங்கித் தயங்கித்தான் அடி வைக்கும். வெள்ளைக்கோல் பயிற்சி கொடுக்கும் சிறப்பாசிரியரைக் கேளுங்கள், விளையாடுகிற பிள்ளையை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

விளையாட்டால் பள்ளியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்தவர் யாராவது உண்மையில் உண்டா?

எரிக் வைஹென்மயர். அமெரிக்கர், 1968-ல் பிறந்தவர். எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பார்வையற்றவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். அது நடந்தது 2001 மே 25. ஆனால் நம் கேள்விக்கு அவருடைய பள்ளிக்காலம்தான் முக்கியம். விழித்திரையைப் பாதிக்கும் ரெட்டினோஸ்கைசிஸ் என்ற நோய் சிறுவயதிலிருந்தே அவருக்கு இருந்தது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் வயதில் முழுவதும் போய்விட்டது. பிரெய்ல், வெள்ளைக்கோல் எதுவும் வேண்டாம் என்று முரண்டு பிடித்த பையன். கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்டன் என்ற ஊரின் பள்ளியில் மல்யுத்த அணியில் சேர்ந்தார்.

மல்யுத்தத்தில் பிடி கைக்குக் கிடைத்துவிட்டால், எதிராளி எந்தக் காலில் எடையைப் போடுகிறான், எந்தப் பக்கம் சாய்க்கப் பார்க்கிறான் என்பதெல்லாம் உடம்பு வழியாகவே தெரிந்துவிடும். எட்ட நின்று பாய்ந்து காலை வாரும் தொடக்கம்தான் சிக்கல். அதற்கு அமெரிக்கப் பள்ளி விதிகளில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. ஒருவருக்குப் பார்வை இல்லையென்றால், இருவரும் கையோடு கை தொட்டபடி நின்றுதான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். மற்றபடி பிடிகளும் புள்ளிகளும் எல்லோருக்கும் ஒன்றே. எரிக் அந்த அணிக்குத் தலைவரானார். அயோவாவில் நடந்த தேசிய இளையோர் மல்யுத்தப் போட்டியில் தன் மாநிலத்தின் சார்பில் இறங்கினார். பிற்பாடு பள்ளி ஆசிரியராகி, மல்யுத்தப் பயிற்சியும் கொடுத்தார்.

தொடக்கத்தை மட்டும்தான் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். எதிராளி முழுப் பலத்தோடு மோதினான். பள்ளி மல்யுத்தத்தில் ஒவ்வொருவரின் வெற்றியும் அணியின் கணக்கில் சேரும் என்பதால், எரிக் ஜெயிப்பது கூட இருந்த பையன்களுக்கும் தேவைப்பட்டது. இந்தத் தேவைதான் விஷயம். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த நிலைமையை நம் பள்ளியில் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான்.

ஸ்போர்ட்ஸ் டேயில் என் மகனைத் தனியாக ஓடவைத்துக் கோப்பை கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனாலும் மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறான். ஏன்?

கைதட்டியவர்கள் யாரும் அவனிடம் தோற்கவில்லை. அவன் தோற்றிருந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. அன்றைக்கு அவன் விருந்தாளி மாதிரி. வரவேற்று, கௌரவித்து, அனுப்பி வைத்துவிட்டார்கள்.

நல்லெண்ணத்தோடு செய்ததுதான், கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவெல்லாம் வேண்டாம். அடுத்த ஆண்டு பி.இ.டி. சாரிடம் வேறொன்று கேளுங்கள். கயிறு இழுக்கும் போட்டியில் வகுப்பு அணியில் அவனைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு விதியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கயிறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், "ஏலேலோ" சத்தம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆள் கனமாக இருந்தால் கடைசியில் நிறுத்தி இடுப்பில் கயிற்றைச் சுற்றுவார்கள். குண்டு எறிதலும் அப்படித்தான்: வட்டத்துக்குள் நின்று எறிவது, எந்தத் திசை என்று காட்ட எதிரில் ஒருவர் நின்று கைதட்டினால் சரி. எல்லோருடைய தூரத்தோடும் சேர்த்து அவன் தூரத்தையும் அதே நோட்டில் எழுதட்டும். நாலாவதாக வந்தால் நாலாவது.

ஒருநாள் "அவன் வேண்டாம் சார், போன தடவை அவனாலதான் தோத்தோம்" என்று ஒரு பையன் சொன்னால் மனம் உடையாதீர்கள். அணியில் ஒருத்தனாக அவனை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எந்த விளையாட்டில் தொடங்கலாம்?

பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதில். இது தப்பிக்கும் பதில் என்று நினைப்பீர்கள், ஆகவே என் வரிசையைச் சொல்கிறேன்: பார்வையுள்ளவர்களோடு நேருக்கு நேர் ஆட முடிகிற ஆட்டம் முதலில், பார்வையற்றோருக்கென்றே உள்ள ஆட்டம் அடுத்தது. வகுப்பில் இடம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் சதுரங்கம், ஓட்டம், நீச்சல், ஜூடோ ஆகியவை முன்னால் நிற்கும். பெரிய போட்டிகளில் ஆடுவது, தன்னைப் போன்ற பிள்ளைகளைச் சந்திப்பது என்றால் பார்வையற்றோர் கிரிக்கெட்டும், மணிப் பந்தை வைத்து ஆடும் கோல்பாலும். இரண்டும் தேவைதான்.

பி.இ.டி. பீரியடுக்கு மட்டும் என்றால் கபடியை மறக்காதீர்கள். ரெய்டு வருகிறவன் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டேதான் வரவேண்டும், ஆக அவன் எங்கே இருக்கிறான் என்பதை அவன் வாயே சொல்லிவிடும். தடுக்கும் பக்கம் சங்கிலி போட்டுக் கைகோத்து நிற்கும். பக்கத்தில் இருப்பவன் கை இழுக்கும் இழுப்பிலேயே எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரியும். முறையான போட்டிக்கு இது சரிப்படாது. வகுப்புக்குள் ஆட தாராளமாகப் போதும்.

பார்வையுள்ளவரோடு சதுரங்கம் ஆட முடியும் என்கிறீர்கள். போட்டியில் ஒத்துக்கொள்வார்களா?

கண்டிப்பாக. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலேயே இதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பலகை. பார்வையுள்ளவர் வழக்கமான பலகையில் ஆடுவார். பார்வையில்லாதவரின் பலகையில் கறுப்புக் கட்டங்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் மேடாக இருக்கும். கட்டத்துக்கு நடுவே ஒரு துளை. ஒவ்வொரு காயின் அடியிலும் அதில் செருகும் முளை. கறுப்புக் காய்களை விரலால் அடையாளம் காண ஒரு குறி. விரல் பலகை முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கலாம். காயைத் துளையிலிருந்து எடுத்தால்தான் அது "தொட்ட காய்".

நகர்த்துகிறவர் நகர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையில் வைப்பார். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் காதில் ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பும் என்பதால், அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஏவா, ஃபீலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "குதிரை, ஃபீலிக்ஸ் மூன்று" என்றால் குதிரை எஃப் மூன்றுக்குப் போகிறது. இந்தப் பெயர்களை வகுப்புப் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள், சும்மா இருக்கும்போதுகூட "ஹெக்டர் எங்கடா" என்று ஓட்டுவார்கள். போட்டி அரங்கில் சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகாமல் இருக்க ஓரத்து மேசையாகக் கேட்டு வாங்குங்கள்.

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த மாநிலம் நம்முடையது. சதுரங்க கிளப் இல்லாத பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பலகையும் எதிராளியும் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டு என்பதால் எனக்கு இது முதல் தேர்வு. பார்வையற்ற சதுரங்க வீரர்களுக்கு அகில இந்திய அளவில் தனிக் கூட்டமைப்பும் உண்டு. ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் தங்கம் வென்ற தர்ப்பண் இனானி, பார்வையுள்ளவர்களோடு திறந்தநிலைப் போட்டிகளிலும் ஆடுகிறவர்தான்.

கண் தெரியாமல் எப்படி ஓடுவது?

கயிறு பிடித்து. ஒரு சிறிய கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒன்று ஓடுகிறவர் விரலில், இன்னொன்று வழிகாட்டியின் விரலில். இருவரும் ஒட்டி நின்று, இவர் வலக்கையை வீசும்போது அவர் இடக்கையை வீசுவார். அருகருகே உள்ள கைகள் இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரும். தாளம் தப்பினால் கயிறு சுண்டும், உடனே தெரிந்துவிடும். முதல் வாரம் ஓடவே வேண்டாம். நடந்து பழகட்டும், பிறகு மெல்லோட்டம். வளைவு வரும்போது வழிகாட்டி "வளைவு", முடியும்போது "நேர்" என்று சொன்னால் போதும். ஓடும்போது கதை பேசினால் மூச்சு வாங்கும்.

வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக்கோட்டை ஓட்டக்காரருக்கு முன்னால் தாண்டக் கூடாது. தாண்டினால் தகுதி நீக்கம். ஆகவே வழிகாட்டி கொஞ்சம் வேகமானவராக இருக்க வேண்டும், அந்த வேகத்தை அடக்கிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் ஓட்டப்பந்தய அணியில் இடம் கிடைக்காமல் போன இரண்டாம் நிலை ஓட்டக்காரன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவனைக் கேட்டுப் பாருங்கள். பாராலிம்பிக்ஸில் வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு என்பதைச் சொன்னால் உடனே வருவான். 2024 பாரிஸில் சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வென்றபோது அவருடன் ஓடிய வழிகாட்டி அபய் சிங்.

வேகத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு கணக்கு: 13 வயதில் பார்வையை முழுதாக இழந்த டேவிட் பிரவுன் என்ற அமெரிக்கர் 2014-ல் 100 மீட்டரை 10.92 வினாடியில் ஓடினார்.

குறைபார்வை உள்ள பிள்ளைக்கு வழிகாட்டியே தேவைப்படாமல் போகலாம். அமெரிக்காவின் மார்லா ரன்யன் ஒன்பது வயதில் ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோயால் மையப் பார்வையை இழந்தவர். 2000-ல் சிட்னியில், பாராலிம்பிக்ஸ் அல்ல, ஒலிம்பிக்ஸிலேயே 1500 மீட்டர் இறுதிப்போட்டியில் ஓடி எட்டாவதாக வந்தார்.

நீச்சல், ஜூடோ எப்படி?

நீச்சலில் ஒரே பயம் சுவரில் தலை மோதுவது. சுவர் நெருங்கும்போது, நுனியில் பஞ்சு வைத்துக் கட்டிய நீளமான கம்பால் கரையிலிருந்து ஒருவர் முதுகிலோ தலையிலோ தட்டுவார். தட்டியதும் திரும்ப வேண்டும். தட்டுகிறவரும் நீந்துகிறவரும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும் என்பதால் இங்கேயும் ஒரு ஜோடி உருவாகிறது. லேன் கயிறு கட்டிய குளமாகப் பாருங்கள்.

ஜூடோவில் பார்வையற்றோர் போட்டி, இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த நிலையில்தான் தொடங்கும். பிடி விட்டுப்போனால் நிறுத்தி மறுபடி பிடிக்க வைப்பார்கள். பள்ளிப் பயிற்சியில் இதே ஏற்பாட்டோடு பார்வையுள்ளவரோடும் மோதலாம். முதலில் கற்றுக்கொடுப்பதே விழும் முறை என்பதால் எந்தப் பார்வையற்ற பிள்ளைக்கும் இது பயன்படும். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கத்தை 2024-ல் கபில் பர்மார் வாங்கினார்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டின் விதிகள் என்ன? வகுப்பில் எல்லோரும் ஆடலாமா?

1922-ல் மெல்பர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆடியதில் தொடங்கியது என்பார்கள். இப்போது உள்ளே சின்னச் சின்னக் குண்டுகள் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து. கையைக் கீழிருந்து வீசித்தான் பந்து போட வேண்டும், பிட்ச்சின் பாதிக்கு முன்பே அது தரையைத் தொட்டாக வேண்டும். பந்து வீசுகிறவர் "ரெடி?" என்பார், பேட்ஸ்மேன் "எஸ்" என்பார், "ப்ளே" என்று சொன்ன பிறகே பந்து வரும். சலசலவென்று உருண்டுவரும் பந்தை அடிக்க ஏற்ற ஷாட் ஸ்வீப்தான். முட்டி போட்டு, தரையோடு தரையாக மட்டையைச் சுழற்றுவார்கள். நிஜ கிரிக்கெட்டில் கோச்சிடம் திட்டு வாங்கித் தரும் ஷாட் இங்கே ராஜா. ஸ்டம்ப் உலோகம், அடிபட்டால் ஓசை கேட்கும்.

பதினொரு பேரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையின்மை உள்ள பி1 பிரிவினர். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் இரண்டு ரன் கணக்கு. ஒரு முறை தரையில் குதித்த பந்தை அவர்கள் பிடித்தாலும் கேட்ச்தான். இந்தியா 2012, 2017, 2022 ஆண்டுகளில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. 2002 உலகக் கோப்பை நடந்தது நம் சென்னையில்தான்.

வகுப்பில் கலந்து ஆடலாம். சத்தம் போடும் பந்து, கீழ்க்கைப் பந்துவீச்சு என்று இரண்டு விதி போதும். கஷ்டமான விதி மூன்றாவது: "ப்ளே" சொன்ன பிறகு யாரும் கத்தக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பையன்களை அதற்குப் பழக்க ஒரு மாதம் ஆகும்.

கோல்பால் என்கிறார்களே, அது என்ன?

1946-ல் ஐரோப்பாவில், போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக உருவான ஆட்டம். எந்த விளையாட்டின் மாற்றுவடிவமும் அல்ல, பார்வையின்மைக்கென்றே பிறந்தது. 1976-லிருந்து பாராலிம்பிக்ஸில் இருக்கிறது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் உள்ள தளம், பக்கத்துக்கு மூவர், கோல் கம்பம் தளத்தின் அகலம் முழுக்க. மணி போட்ட 1.25 கிலோ பந்தை உருட்டி எறிவார்கள். மற்ற அணி சத்தத்தைக் கேட்டுப் பக்கவாட்டில் நீட்டிப் படுத்து உடம்பால் தடுக்கும். எல்லோரும் கண்ணை முழுதாக மறைக்கும் பட்டை போட வேண்டும், அதனால் கொஞ்சம் தெரிகிறவர், சுத்தமாகத் தெரியாதவர் என்ற பேதம் போய்விடுகிறது. கோடுகளில் டேப்புக்கு அடியே நூல்கயிறு ஓடும். கால்விரலாலும் கையாலும் தடவித் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள்.

வகுப்பே சேர்ந்து ஆடுவது என்று வரும்போது எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இதுதான். பிரேயர் ஹால் போதும். டேப், சணல் கயிறு, கண்ணைக் கட்டக் கறுப்புத் துணி, முட்டிக்கும் முழங்கைக்கும் பேட். மணிப் பந்து வரும்வரை பழைய கூடைப்பந்தைச் சரசரக்கும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினால் சத்தம் வரும். (கேரி பேக்குக்கு 2019-லிருந்து தடை என்பதால் துணிக்கடை உறையைத் தேட வேண்டியிருக்கும்.) எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டதும் என்ன ஆகும் என்றால், வகுப்பிலேயே வேகமான பையன் பந்து வலப்பக்கம் போகும்போது இடப்பக்கம் பாய்வான். உங்கள் பிள்ளை அலட்டிக்கொள்ளாமல் தடுக்கும். அடுத்த ஆட்டத்துக்கு அணி பிரிக்கும்போது யார் பெயரை முதலில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்ணைக் கட்டிவிட்டு வராந்தாவில் ஐந்து நிமிடம் தடுமாற வைத்து, "பாருங்கள், இவன் எவ்வளவு கஷ்டப்படுகிறான்" என்று பாடம் எடுக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பயம்தான் தெரியும். பார்வையில்லாத ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் கைவந்திருக்கும் திறமை தெரியாது. பரிதாபம் கூடும், நட்பு வளராது.

அடிபட்டால் யார் பொறுப்பு என்று பள்ளியில் கேட்கிறார்கள்.

பார்வையுள்ள பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்போ அவர்களேதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. பிரிவு 30 விளையாட்டுக்கென்றே இருக்கிறது.

ஆனாலும் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் போகாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து சேர்த்துக்கொள்ளும் பள்ளி, பிள்ளையை மறுபடி மரத்தடியில்தான் உட்கார வைக்கும், இந்த முறை பதிவேட்டில் "பங்கேற்றார்" என்று எழுதி. முதலில் பி.இ.டி. சாரைப் பாருங்கள். எந்த விளையாட்டு, வாரம் எத்தனை நாள், யார் துணை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஒப்புதல் கடிதமும் கொடுத்துவிடுங்கள். ஒன்றியத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை ஒருநாள் வரவழைத்து, மைதானத்தைப் பிள்ளையோடு சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கொடிக்கம்பம், மூடியில்லாத குழி, வாலிபால் கம்பத்தின் இரும்புக் கொக்கி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அவற்றைச் சரிசெய்தால் நாற்பது பிள்ளைகளுக்கும் நல்லது.

கண் மருத்துவரிடம் கேட்க வேண்டுமா?

கட்டாயம், முதல் வேலையே அதுதான். விழித்திரை பிரிந்து அறுவை சிகிச்சை ஆனவர்கள், மிக அதிகமான கிட்டப்பார்வை உள்ளவர்கள் மோதும் விளையாட்டையும் தலைகீழாகக் குதிப்பதையும் தவிர்க்க வேண்டியிருக்கலாம். மிச்சமுள்ள கொஞ்சப் பார்வையை விளையாட்டில் தொலைக்கக் கூடாது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருந்தால், மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும்; பகலில் நன்றாக ஓடும் பிள்ளை மாலை ஆறு மணிக்குத் தடுமாறும். நடிப்பு என்று ஆசிரியர் நினைத்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அல்பினிசம் (பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி குறைந்த நிலை) உள்ள பிள்ளைகளுக்கு நண்பகல் வெயில் ஆகாது, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

கிண்டல் செய்கிறார்கள். தலையிட வேண்டுமா?

கிண்டல் எந்தப் பக்கமெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். கோல் விட்ட பையனை உங்கள் மகனும் ஓட்டுகிறான், அவனை மற்றவர்களும் ஓட்டுகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள், அது கூட்டாளிகளின் பேச்சு. ஒரே ஒருவன் மீது மட்டும், அவனால் திருப்பிச் சொல்ல முடியாதபடி விழுகிறது என்றாலோ, வெள்ளைக்கோலை ஒளித்து வைப்பது, வழியில் காலை நீட்டுவது என்று போனாலோ அன்றைக்கே பள்ளிக்குப் போங்கள்.

பிள்ளைக்கே விருப்பம் இல்லையென்றால்?

பார்வை சமீபத்தில் போன பிள்ளைகள் பலர் இப்படித்தான். முன்பு ஆடிய ஆட்டத்தின் பேரைக் கேட்டாலே எரிச்சல் வரும். வற்புறுத்தாதீர்கள். விடியற்காலையில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அண்ணனோ அக்காவோ கயிறு பிடித்து ஓடட்டும், யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட் போட்டி பக்கத்தில் எங்காவது நடந்தால் அழைத்துப் போய் வீரர்களிடம் பேச விடுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி டீ குடித்துக்கொண்டிருங்கள். விளையாட்டே வேண்டாம், பாட்டுதான் வேண்டும் என்று சொன்னால் அதுவும் சரிதான்.

பெண் பிள்ளை. தொட்டுப் பழக்க வேண்டியிருக்கிறதே என்று தயக்கமாக இருக்கிறது.

நியாயமான தயக்கம். ஓட்டத்துக்குக் கயிறு இருப்பதால் கையைப் பிடிக்கவே தேவையில்லை. மேல் வகுப்புப் பெண் ஒருத்தி வழிகாட்டியாக ஓடலாம். அசைவைக் கற்றுக்கொடுக்கும்போது ஆசிரியர் தன் கையை நகர்த்திக் காட்ட, மாணவி அதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியர் தொட வேண்டிய இடம் வந்தால் முதலில் சொல்லி, சம்மதம் கேட்டு, இன்னொருவர் முன்னிலையில் என்பது விதியாக இருக்கட்டும். இது பையன்களுக்கும் பொருந்தும்.

கர்நாடகத்தின் ரக்ஷிதா ராஜு 1500 மீட்டரில் ஆசியப் பாரா விளையாட்டில் தங்கம் வாங்கியவர். 2023-ல் பர்மிங்காமில் நடந்த பார்வையற்றோர் உலக விளையாட்டில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. தயங்கும் பாட்டிக்கு இந்த இரண்டு செய்தியையும் படித்துக் காட்டுங்கள்.

போட்டிகளுக்கு அனுப்ப என்னென்ன வேண்டும்?

தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, கண் மருத்துவர் அறிக்கை. பார்வை அளவை வைத்து பி1, பி2, பி3 என்று வகைப்படுத்துவார்கள். தடகளத்தில் அதுவே டி11, டி12, டி13. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 6/60-க்கு மேல் தெரியாது, அல்லது பார்வைப் புலம் மிகவும் குறுகியது என்றால் பி3-க்குள் வர வாய்ப்பு உண்டு. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் விவரம் கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

குறையுங்கள், நிறுத்தாதீர்கள். சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதிப் பழக நேரம் வேண்டும்தான், அதற்காக வாரத்தில் இரண்டு மாலை போனால் போகட்டும். ஓர் ஆண்டு முழுக்க விட்டுவிட்டால் ஜோடி கலைந்துவிடும், அந்தப் பையன் வேறு அணிக்குப் போய்விடுவான். வழிகாட்டியாக ஓடுகிறவனும் அதே பொதுத்தேர்வைத்தான் எழுதப்போகிறான், அவன் வீட்டிலும் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சனி, ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழு என்று ஒரு நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். ஓட்டம் முடிந்து இருவரும் ஒரே வீட்டில் கணக்குப் போடலாம்.